சில்லுகளின்மேல் ஒரு வீடு: அதனை மட்டம் நிறுத்தும் முறை

நிலையம் எடுத்து அத்திவாரம் வெட்டும் நாளில் மேசன் செய்யும் காரியம் ஒன்றைக் கோப்பாயில் வீடு கட்டிய யாவரும் கண்டிருப்பர். ஒளி ஊடுருவும் நீண்ட குழாய் ஒன்றில் நீரை நிரப்பி, ஒரு நுனியை ஒரு மூலையிலும் மறு நுனியை எதிர் மூலையிலும் பிடிப்பித்து, நீர் நிற்கும் இடத்தை இரு முனையிலும் குறித்துக்கொள்வார். இடையில் கற்குவியல் கிடந்தாலென்ன, மண்மேடு கிடந்தாலென்ன, இரு நுனியிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அக்குறிகளை நம்பி எழுப்பிய வீடு பின்னர் ஒரு தலைமுறைக்கு அசைவதில்லை. மட்டம் பார்க்கும் வேலை ஒரு நாளோடு முடிந்துவிடுகின்றது.

ஆனால் இன்று யாழ்ப்பாணத்தில், தென்னை நிழலில் ஒரு நாள், கடற்கரையோரத்தில் மறுநாள் என்று நின்று நின்று செல்லும் வீடு ஒன்று இருக்குமாயின் அதன் கதி யாது? கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழும் நம்மவர்க்கு இத்தகைய ஊர்தி வீடுகள் புதியனவல்ல. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளிரூட்டுப் பெட்டி முதலியன யாவும் லொறியொன்றின் அடிச்சட்டத்தின்மேல் அமைந்திருக்கும். சினிமா நடிகர்கள் படப்பிடிப்பிடத்தில் ஓய்வெடுக்கும் கேரவன் என்னும் வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 2021ஆம் ஆண்டில் கேரள அரசு இவ்வகை ஊர்திகளைச் சுற்றுலாவுக்கு ஊக்குவிக்கும் கொள்கையொன்றையும் வெளியிட்டது. பழைய லொறியையோ சிறு பஸ்ஸையோ வாங்கித் தம் கையாலேயே அதனை வீடாக்கிக்கொள்ளும் முயற்சியும் உலகெங்கும் பரவி வருகின்றது. அவ்வாறு செய்வோர் பலர் கட்டிலையும் அலுமாரியையும் அழகுற அமைத்துவிட்டு, மட்டத்தைக் கடைசியில் நினைக்கின்றனர்.

மட்டம் பிசகிய ஊர்தியில் தாச்சியிலுள்ள எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். கதவு தானே திறக்கும், அல்லது திறக்க மறுக்கும். குளித்த நீர் வடிகாலை நோக்கிச் செல்லாது படுக்கையை நோக்கிச் செல்லும். தலை தாழக் கிடப்பவருக்கு உறக்கம் வராது. இவை பொறுக்கக்கூடிய தொல்லைகள். பொறுக்க இயலாத ஒன்று உண்டு. அது குளிரூட்டுப் பெட்டி. ஊர்தி வீடுகளில் நெடுங்காலம் பயின்று வந்தது, வாயுச் சுடரின் வெப்பத்தால் இயங்கும் உறிஞ்சல் வகைப் பெட்டியாகும். 1922ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரின் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த போல்ற்சார் வொன் பிளாற்றன், கார்ள் முன்றர்ஸ் என்னும் இருவர் அதனைக் கண்டனர். அதன் குழாய்களுள் அமோனியாவும் நீரும் ஐதரசனும் அடைபட்டிருக்கின்றன. அசையும் உறுப்பு ஒன்றுமே இல்லை; திரவம் புவியீர்ப்பினால் மட்டுமே சரிந்து ஓடித் தன் சுற்றை முடிக்கின்றது. ஊர்தி சாய்ந்து நின்றால் அத்திரவம் வழியிலே தேங்கிவிடும். கொதிகுழாய் வரண்டு அளவுமீறிச் சூடேறும். துருப்பிடியாதிருக்கச் சேர்த்த உப்பு உறைந்து குழாயை அடைக்கும். ஒருமுறை அடைபட்ட பெட்டியைப் பெரும்பாலும் மாற்றவே நேரும். ஆகவேதான் பல தயாரிப்பாளர்கள் பக்கவாட்டில் 3 பாகைக்கு மேல் சாய்தல் ஆகாது என எச்சரிக்கின்றனர். மின்னமுக்கியால் இயங்கும் புதுவகைப் பெட்டிகள் இத்துணை முரண்டு செய்வதில்லை.

3 பாகை என்பது கேட்பதற்குச் சிறிது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 4 மீற்றர் நீளமுடைய ஊர்தியில் அது ஏறக்குறைய 21 சென்ரிமீற்றர் உயர வேறுபாடாகும்; ஒரு சாண் என்றே கொள்ளலாம். குடாநாடு தட்டையான பூமி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கோப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதியில் உப்புநீர்த் தரவையை அணுகும்போது நிலம் இறங்குவதைச் சைக்கிளோடுபவரின் முழங்கால் உணரும்; கண் உணராது. வீட்டு முற்றம் கூட மழைநீர் ஒழுங்கைக்கு வடிவதற்காகச் சரித்தே போடப்பட்டிருக்கும். மட்டம் பார்ப்பதிற் கண்ணைப் போன்ற பொய்ச்சாட்சி வேறில்லை.

தாழ்ந்த சில்லின் கீழ்ப் பலகை வைத்து அதன்மேல் ஊர்தியை ஏற்றி நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்த மலிவான வழி. இரவில் மழைக்குள் இறங்கி நான்கு முறை பலகையை மாற்றி வைத்தவர் அதன் அருமையையும் அறிவர். அடுத்தது திருகு ஜாக்கி. தமிழ்நாட்டில் வீதி உயர உயரப் பள்ளத்தில் அமிழ்ந்துபோன வீடுகளை அடியில் பல ஜாக்கிகளைக் கொடுத்து, யாவற்றையும் ஒரே அளவாகத் திருகி, வீட்டோடு தூக்குகின்றனர். திருகு தூக்கிய இடத்திலே தானாக நிற்கும்; அது அதன் பெருஞ்சிறப்பு. மெதுவாகவே ஏறும், அது அதன் குறை. விரைவும் வலிமையும் ஒருங்கே வேண்டுவோர் நாடுவது எண்ணெயின் அமுக்கத்தால் உயரும் நீரியல் ஜாக்கியாகும்.

மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின்மேல் ஓரிடத்தில் கொடுத்த அமுக்கம் குறையாது எல்லாத் திசைக்கும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பஸ்காலின் விதி. அவர் 1662இல் மறைந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டிலே வெளிவந்தது. விதி கிடைத்து 130 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே அது தொழிலுக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் ஒழுக்கு. அமுக்கம் ஏற ஏற, முசலத்துக்கும் உருளைக்கும் இடையே உள்ள மயிரிழை வழியாகத் திரவம் வெளியேறிவிடும். ஜோசப் பிரமா என்னும் ஆங்கிலேயர் 1795இல் நீரியல் அமுக்கிக்குக் காப்புரிமை பெற்றபோது, அவரிடம் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லே தோலாற் செய்த கிண்ண வடிவ வளையமொன்றைக் கொண்டு அக்குறையைத் தீர்த்தார் என்பர். அமுக்கம் கூடுந்தோறும் தோலின் விளிம்பு விரிந்து சுவரை இன்னும் இறுகப் பற்றும். எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்ளும் உபாயம் அது. இன்றைய ஜாக்கியிலுள்ள அடைப்பு வளையங்களுள் பலவும் அதே முறையிலேயே வேலை செய்கின்றன. தோலுக்குப் பதிலாகச் செயற்கை இறப்பர் வந்ததுதான் வேறுபாடு. 1851இல் நியூயோர்க்கில் றிச்சார்ட் டட்ஜன் கையாற் கொண்டு செல்லத்தக்க ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1858இல், நகர மறுத்து நின்ற கிரேட் ஈஸ்ரேண் என்னும் இரும்புக் கப்பலை இத்தகைய அமுக்கிகளே தேம்ஸ் நதிக்குள் தள்ளின. திருவாரூர் ஆழித்தேரின் சில்லுகளை இன்று அடக்கி நிறுத்துவதும் இவ்விதியே. அத்தேருக்கு நீரியல் தடைகளைப் பொருத்தியது திருச்சியிலுள்ள பெல் நிறுவனம்.

கணக்கைச் சற்றுப் பார்த்தல் நன்று. உட்குறுக்களவு 5 சென்ரிமீற்றருள்ள உருளையில் முசலத்தின் பரப்பு 19.6 சதுர சென்ரிமீற்றர். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 150 கிலோகிராம் அமுக்கம் கொடுத்தால் 2940 கிலோகிராம், அதாவது 3 தொன்னுக்குச் சற்றே குறைந்த நிறையை அது தூக்கும். கைப்பம்பியின் முசலம் ஒரு சதுர சென்ரிமீற்றர் என்போம். அதனை 150 கிலோகிராம் விசையுடன் அமுக்க வேண்டும். பிடி பத்து மடங்கு நெம்புமாயின் 15 கிலோகிராமே போதும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இயலும். ஆனால் இயற்கை எதனையும் இனாமாகத் தருவதில்லை. ஒரு முறை அமுக்கும்போது பம்பி 2 கன சென்ரிமீற்றர் எண்ணெயையே அனுப்பும். ஊர்தி ஒரு மில்லிமீற்றர் மட்டுமே உயரும். 10 சென்ரிமீற்றர் உயர்த்த ஏறக்குறைய நூறு முறை அமுக்க வேண்டும். நான்கு ஜாக்கிக்கும் கையால் அமுக்கியவரே மின்மோட்டரின் பெருமையை உள்ளபடி உணர்வார்.

ஊர்தி வீட்டிற் பொருத்தும் அமைப்பிலே எண்ணெய்த் தொட்டி, மின்மோட்டரால் இயங்கும் பம்பி, எண்ணெயை வேண்டிய காலுக்கு மட்டும் திறந்துவிடும் வால்வுகள், அமுக்கம் தாங்கும் குழாய்கள், கால்களாக நிற்கும் ஜாக்கிகள், சாய்வை அறியும் கருவி என்பன உள. மூன்று காலா, நான்கு காலா என்பது பழைய வழக்கு. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை முற்றாக நிர்ணயிக்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது நிற்பதும், நான்கு காலுள்ள மேசைக்கு எப்போதும் கடதாசி மடித்து வைக்க நேர்வதும் இதனாலேதான். முன்னே ஒரு காலும் பின்னே இரு காலுமாக அமைத்தால் அடிச்சட்டம் முறுகும் அபாயம் குறைவு. ஆயின் பக்கவாட்டு உறுதியும் குறைவு. நான்கு கால் உறுதி மிக்கது. இயக்குபவர் விவேகமற்றவராயின் ஊர்தியை முறுக்கிக் கண்ணாடியை வெடிக்கச் செய்யவும் வல்லது. ஆதலால் நான்கு கால் அமைப்பில் ஒரு மூலையைத் தனியே தூக்குதல் ஒருபோதும் ஆகாது. முன்னிரண்டு, பின்னிரண்டு, அல்லது ஒரு பக்கத்திரண்டு எனச் சோடியாகவே உயர்த்துதல் வேண்டும்.

கோப்பாயில் ஒருவர் இவ்வேலையைத் தாமே செய்யப் புகுகின்றார் என வைத்துக்கொள்வோம். முதல் வேலை நிறுவை. திருகாணி வாங்குவது அதன் பின்னர்தான். நீர்த்தொட்டி நிரம்பி, சாமான்கள் யாவும் ஏறிய நிலையில், முன் அச்சின்மேலும் பின் அச்சின்மேலும் எத்துணை நிறை விழுகின்றதெனத் தனித்தனியே நிறுத்தறிய வேண்டும். மொத்தம் 6 தொன், பின் அச்சில் 3.8 தொன் எனில், பின் ஜாக்கி ஒவ்வொன்றும் 1.9 தொன் சுமக்கும். 3 தொன் ஜாக்கி அங்கே பொருந்தும், 2 தொன் ஜாக்கி பொருந்தாது. பதிவிற் காட்டிய அமைப்பினின்றும் ஊர்தியை மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்னரே கேட்டறிதலும் வேண்டும்.

அடுத்தது பொருத்துமிடம். ஜாக்கியின் தாங்குதகடு அடிச்சட்டத்தின் நெடும் இரும்பிலேயே பிடிக்க வேண்டும். தரைப் பலகையிலோ பின்னர் ஒட்டிய மெல்லிரும்பிலோ அன்று. நெடும் இரும்பின் குறுக்குவெட்டு பகர வடிவினது. வளைவை எதிர்த்து நிற்பன அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே. ஆகவே விளிம்புகளில் துளையிடலாகாது, நடுச்சுவரிலேயே இடலாம். லொறிச் சட்டங்கள் பல, வெப்பமூட்டிப் பதப்படுத்திய உருக்காற் செய்யப்பட்டவை. ஒட்டுவேலையின் சூடு பட்ட இடம் அப்பதத்தை இழந்து காலம் செல்ல வெடிக்கும். பட்டறையில் ஒட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை என்று சொல்லும் யோசனையை, ஊர்தி செய்தவரின் அனுமதி இல்லையாயின், மரியாதையாக மறுத்துவிட வேண்டும். உயர்வலிமைத் திருகாணிகளைக் குறித்த இறுக்கத்துக்கு முடுக்கி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குதலே முறை. புகைக்குழாயின் சூடு, தடையெண்ணெய்க் குழாய், எரிபொருட் குழாய் ஆகியவற்றுக்கு விலகி நிற்கிறதா என்பதையும், மடங்கிய நிலையிற் கால் நிலத்திலிருந்து போதிய உயரத்தில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழாய்கள் முறுகாமலும், கூரிய விளிம்பில் உரையாமலும், சில்லும் அச்சும் ஆடுமிடத்தில் விறைக்காமலும் செல்லவேண்டும். இங்கே குடாநாட்டுக்கேயுரிய எதிரி ஒன்றுண்டு. அது செம்மண் தூசி. திறந்த குழாய் வாயில் ஒரு சிட்டிகை தூசி புகுந்தால், வால்வின் இருக்கையிற் படிந்து அதனை முழுதும் மூடவிடாது. இரவில் ஒரு மூலை மெல்ல மெல்லத் தாழும். காரணம் தேடி ஒருவர் மாதக்கணக்கில் அலைவார். ஆகவே பொருத்தும் கணம்வரை வாய்களை மூடியே வைத்தல் வேண்டும். எண்ணெய், பம்பி செய்தவர் சொன்னதாகவே இருத்தல் வேண்டும். வாகனத் தடைகளுக்கு ஊற்றும் கிளைக்கோல் எண்ணெயைக் கனிய எண்ணெய்க்கென அமைந்த தொகுதியில் ஊற்றினால், அடைப்பு வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். கால்கள் யாவும் மடங்கிய நிலையிலேயே தொட்டியை நிரப்ப வேண்டும். நீட்டி நிற்கும்போது நிரப்பியவர், மடக்கும்போது எண்ணெய் தொட்டி வழிந்து ஓடுவதைக் காண்பார். 30 சென்ரிமீற்றர் நீளும் கால் ஒன்று ஏறக்குறைய 600 கன சென்ரிமீற்றர் எண்ணெய் கொள்ளும், நான்குக்கும் 2.4 லீற்றர். நிரப்பியபின் கால்களைப் பலமுறை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றல் வேண்டும். காற்று சுருங்கும், எண்ணெய் எளிதிற் சுருங்காது. காற்றுக் கலந்த கால் பஞ்சு மெத்தைபோல அமுங்கும்.

மின்சாரத்தில் அலட்சியம் செய்வோர் பலர். 12 வோல்ற்றில் இயங்கும் இம்மோட்டர்கள் பாரம் தூக்கும்போது 100 அம்பியருக்கு மேலும் இழுப்பதுண்டு. விளக்குக்கு இழுத்த கம்பி இதற்கு ஆகாது, சூடேறித் தீப்பற்றும். தடித்த கம்பியும், பற்றரிக்கு மிக அண்மையில் தக்க உருகியும் இன்றியமையாதன.

இனி இயக்கும் ஒழுங்கு. கைத்தடையைப் போட்டுச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தபின், கால்களை நிலத்தைத் தொடும்வரை இறக்கி, தாழ்ந்த பக்கத்துச் சோடியை உயர்த்தி, மற்றவற்றைப் பாரம் ஏற்குமளவுக்கு மட்டும் இறுக்குவர். சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பலாகாது. இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஊர்திகளில் கைத்தடை பின்சில்லுகளையே பிடிக்கும். பின்சில்லு நிலத்தை விட்டெழுந்தால் கைத்தடை இருந்தும் இல்லாததே; ஊர்தி ஜாக்கிகளின்மேல் முன்னோக்கிச் சரிந்து, கால்களை முறித்துக்கொண்டு உருளும். ஆகையால் சரிவான இடத்தில் முன்பக்கம் தாழ்ந்திருக்குமாறு நிறுத்துதல் விவேகம். உயர்த்தவேண்டியது முன்பக்கமாகும், தடைபிடித்த பின்சில்லு நிலத்திலே நிற்கும். சரிவு மிகையாயின் சில்லின் கீழ்ப் பலகை வைக்கலாம். வேறிடம் பார்ப்பது அதனினும் நன்று. கால்கள் இறங்கியிருக்கையிற் கைத்தடையை எடுத்தால் ஒலி எழுப்பும் மணியைப் பலர் செலவு நோக்கி விட்டுவிடுகின்றனர். அது விடத்தக்கதன்று, நீட்டிய காலுடன் வீதியில் இறங்கிய ஊர்தி தனக்கும் பிறர்க்கும் செய்யும் கேடு பெரிது.

உயிரைத் தொடும் இரண்டு செய்திகள் உள. ஜாக்கி தாங்கி நிற்கும் ஊர்தியின் அடியிலே ஒருவர் தலையை நீட்டலாகாது. ஒரு வளையம் கிழிந்தால், ஒரு குழாய் வெடித்தால், கூப்பிடும் நேரங்கூட இராது. அடியிற் புகவேண்டின் அடிச்சட்டத்தின் கீழ் அசையாத இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கிய பின்னரே புகவேண்டும். மற்றது, பலர் அறியாதது. உயரமுக்கக் குழாயில் ஊசிமுனையளவு துளை விழுந்தால், அதினின்றும் பாயும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாது. தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். எங்கே ஒழுகுகிறது என்று கையாற் தடவிப் பார்ப்பது அதனாலேயே ஆபத்து. கடதாசி மட்டையொன்றைப் பிடித்தே பார்க்க வேண்டும். காயம் முள் குத்தியது போலச் சிறிதாயிருக்கும். நோவும் முதலில் அதிகமிராது. அதனை நம்பி மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டிலிருந்தவர், மறுநாள் விரலையோ கையையோ இழக்கவும் நேரலாம். தாமதியாமல் பெரிய வைத்தியசாலைக்குச் சென்று, எண்ணெய் அமுக்கத்தோடு பாய்ந்தது என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நிலத்தையும் நம்பிவிடலாகாது. வெயிற்காலத்திற் கல்லாய் இறுகிய கோப்பாய்ச் செம்மண், மாரி பிறந்ததும் குழைந்து போகும். 20 சென்ரிமீற்றர் அகல வட்டப் பாதத்தின்மேல் 2 தொன் நிற்குமாயின், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 6 கிலோகிராமுக்கு மேல் அழுத்தும், கால் புதையும். 40 சென்ரிமீற்றர் சதுரமான தடித்த வேப்பம்பலகையை அடியிலிட்டால் அது ஒன்றேகால் கிலோகிராமாகக் குறைகின்றது. மலகூடக் குழியின் மூடி, மூடிய பழங்கிணறு முதலியவற்றின் அருகே நிறுத்துவதை அறவே தவிர்த்தல் வேண்டும்.

நண்பகலில் மட்டம் நிறுத்திய ஊர்தி விடியற்புறத்தில் சிறிது சரிந்திருப்பதைக் கண்டு சிலர் வால்வு ஒழுகுகிறதென்று கலங்குவர். எண்ணெய் 20 பாகை குளிர்ந்தால் அதன் கனவளவு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு சுருங்கும். 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீட்டிய கால், ஒழுக்கு எதுவும் இன்றியே, ஒன்றரை மில்லிமீற்றர் தாழலாம். வெயிலேறினால் மீண்டும் உயரும். அதற்கு மேலும் நாள்தோறும் தாழுமாயின் வளையத்தையும் வால்வையும் பார்க்க வேண்டும். பளபளக்கும் முசலத்தண்டு கடற்காற்றின் உப்புப்பட்டுப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தால், ஒவ்வொரு முறை மடங்கும்போதும் அத்துரு வளையத்தை அராவும். தரவையோரத்திலோ கடற்கரையிலோ நின்று திரும்பிய பின்னர், தண்டுகளை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, முழுதும் மடக்கி வைத்தல் வேண்டும்.